கப்பல் மோதினால் பாலம் தாங்குமா? வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 2024 மார்ச் 26 அதிகாலை ‘டாலி’ என்ற சரக்குக் கப்பல் மோதி, பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் ஆற்றுக்குள் விழுந்தது. சாலைப் பணியாளர்கள் ஆறு பேர் இறந்தார்கள். அந்த விபத்தின் விசாரணை முடிவுகள் 2025 நவம்பரில் வெளிவந்த பிறகு, ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து தொடர்ந்து கேள்விகள் வருகின்றன. பெரும்பாலானவை பாம்பனைப் பற்றியவை. கப்பல் இயந்திரம், பாலக் கட்டுமானம், மீன்பிடி படகு என்று மூன்று துறைகளிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

கே: பால்டிமோர் பாலத்தைத் திட்டமிட்டு இடித்தார்கள், கப்பலின் கம்ப்யூட்டரை யாரோ வெளியிலிருந்து கைப்பற்றிவிட்டார்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் பேசுகிறார்கள். உண்மை என்ன? (தங்கச்சிமடம் வாசகர்)

ப: சதி இல்லை. சரியாகச் செருகாத ஒரு மின்கம்பியில் தொடங்கிய விபத்து அது.

டாலி ஏறத்தாழ 300 மீட்டர் நீளக் கப்பல். 4,680 கன்டெய்னர்களோடு நம் எதிர்க்கரையில் உள்ள கொழும்புக்குப் புறப்பட்டது. கப்பலுக்குள் ஆயிரக்கணக்கான மின் இணைப்புகள் உண்டு. கம்பியின் நுனியில் ஒரு சிறு உலோகக் குழாயை மாட்டி, அதை இணைப்புப் பலகையின் துளைக்குள் செருகுவார்கள். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரிய ஒரு பெயர்ப்பட்டையும் சுற்றுவார்கள். டாலியில் ஒரு கம்பியின் பெயர்ப்பட்டை, உலோகக் குழாயின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால் குழாய் முழுதாக உள்ளே போகவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் பொருந்தியது போலவே தெரியும். கப்பலின் அதிர்வில் அந்த இணைப்பு விட்டுப்போனது. உடனே பிரேக்கர் விழுந்து மின்சாரம் போனது. அப்போது பாலத்துக்கு இருந்த தூரம் கப்பலின் நீளத்தில் மூன்று மடங்குதான்.

மின்சாரம் போனதும் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரின் பம்பு நின்றது. இயந்திரம் சூடேறிக் கெட்டுவிடாமல் இருக்கத் தானாகவே நின்றுகொண்டது. இயந்திரம் நின்றால் கப்பலைத் தள்ளும் விசிறி சுழலாது. விசிறி தள்ளுகிற நீர் சுக்கானில் படாவிட்டால், அவ்வளவு பெரிய கப்பலைச் சுக்கான் மட்டும் வைத்துத் திருப்புவது மிகக் கடினம்.

பணியாளர்கள் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் இரண்டாவது முறையும் போனது. அதற்குக் காரணம் வேறு. ஜெனரேட்டர்களுக்கு டீசல் அனுப்பும் வேலையை, குழாய்களைக் கழுவுவதற்கான ஒரு பம்பை வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பம்பு ஒருமுறை நின்றால் தானாகத் திரும்ப ஓடாது. யாராவது போய் இயக்க வேண்டும். எரிபொருள் அழுத்தம் குறைந்து ஜெனரேட்டர்கள் சுருண்டன.

முதல் இருட்டிலிருந்து மோதல் வரை சுமார் நான்கு நிமிடம். அதற்குள் பைலட் (துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டுபவர்) நங்கூரத்தை இறக்கச் சொன்னார், இழுவைப் படகை அழைத்தார், பாலத்தை மூடச் சொல்லித் தகவல் அனுப்பினார். துறைமுகத்திலிருந்து கப்பலை வெளியே கொண்டுவந்த இழுவைப் படகுகள் வழக்கப்படி முன்பே திரும்பிப் போயிருந்தன.

சதி என்று நம்புவதில் ஒரு தீமை இருக்கிறது. சதிகாரனைத் தேடுகிற ஊர், தன் பாலத்தின் தூணுக்குக் காப்பு இருக்கிறதா என்று பார்க்காது.

கே: கப்பல் ஒரு தூணில்தானே மோதியது? பாலம் முழுவதும் எப்படிச் சரிந்தது? (உச்சிப்புளி கல்லூரி மாணவி)

ப: இரண்டு காரணம். முதலாவது மோதலின் அளவு. சரக்கோடு டாலியின் எடை ஒரு லட்சம் டன்னுக்கு மேல். மோதும்போது வேகம் மணிக்கு 12 கி.மீ., நாம் சைக்கிள் மிதிக்கிற வேகம். இந்த எடைக்கும் வேகத்துக்கும் இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் 60 கோடி ஜூலுக்கு மேல் வருகிறது. 40 டன் பாரம் ஏற்றிய லாரிகள் நூறுக்கு மேல், மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதுவதற்குச் சமம். கப்பல் மோதலுக்குப் பாலப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டால் தூணின் பக்கவாட்டில் சுமார் 14,000 டன் விசை. பாலத்தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கக் கட்டியது. பக்கத்திலிருந்து இந்த அளவு அடி விழுந்தால் தாங்காது.

இரண்டாவது, பாலத்தின் அமைப்பு. கீ பாலம் 1977இல் திறக்கப்பட்டது. நடுக்கண் (கண் என்பது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) மட்டும் 366 மீட்டர். அந்தக் கண்ணும் இரு பக்கக் கண்களும் ஒரே தொடர் இரும்புச் சட்டகம். ஒரு தூண் போனால் பாரத்தை மாற்றி வாங்கிக்கொள்ள வேறு வழி அந்த அமைப்பில் இல்லை. சில விநாடிகளில் எல்லாமே இறங்கிவிட்டது.

கண்கள் தனித்தனியாகத் தூணில் உட்கார்ந்திருக்கும் பாலத்தில் ஒரு தூண் விழுந்தால் அதன் இரு பக்கத்துக் கண்கள் விழும், மற்றவை நிற்கும். ஆஸ்திரேலியாவில் ஹோபார்ட் நகரின் டாஸ்மன் பாலத்தில் 1975 ஜனவரி 5 அன்று ‘லேக் இல்லவாரா’ கப்பல் மோதி இரண்டு தூண்கள் போயின. 127 மீட்டர் நீளம் விழுந்தது, மிச்சப் பாலம் நின்றது. அங்கேயும் 12 பேர் இறந்தார்கள். இருட்டில் பாலம் விழுந்தது தெரியாமல் நான்கு கார்கள் இடைவெளிக்குள் பாய்ந்தன. மோதலில் தப்பித்த பாலத்திலும், வாகனத்தை நிறுத்த ஆள் இல்லாவிட்டால் சாவு தொடரும் என்பதற்கு அதுவே சான்று.

கே: அப்படியானால் தூணைக் காப்பாற்ற வழியே இல்லையா? (ராமநாதபுரம் வாசகர்)

ப: உண்டு. அமெரிக்காவின் டம்பா வளைகுடாவில் 1980 மே 9 அன்று ‘சம்மிட் வென்ச்சர்’ கப்பல் சன்ஷைன் ஸ்கைவே பாலத்தில் மோதி 35 பேர் இறந்தார்கள். 1987இல் அங்கே திறந்த புதிய பாலத்தின் முக்கியத் தூண்களைச் சுற்றிக் கல்லைக் கொட்டித் தீவு போல் மேடாக்கினார்கள். பக்கத்துத் தூண்களுக்கு முன்னால் 36 பெரிய வட்டத் திட்டுகளை நிறுத்தினார்கள். வழி தவறிய கப்பல் தூணைத் தொடுவதற்கு முன்பே தரை தட்டி நிற்க வேண்டும் என்பதுதான் யோசனை. அடியைத் தாங்கத் தூணைப் பருமனாக்குவதைவிட, அடி தூணுக்கு வராமல் செய்வது மலிவு.

கீ பாலத்துக்கும் நான்கு திட்டுகள் இருந்தன. அவை சிறியவை, தூணை விட்டுத் தள்ளி நின்றன. டாலி அவற்றைத் தொடாமலே உள்ளே வந்துவிட்டது. கவனிக்க வேண்டிய சங்கதி இன்னொன்று. 1980இல் இதே பாலத்தில் ‘புளூ நகோயா’ என்ற கப்பல் இதே போல மின்சாரம் இழந்து மோதியிருக்கிறது. நீளம் சுமார் 119 மீட்டர். பாலத்துக்குப் பெரிய சேதமில்லை. அதற்குப் பிறகு 44 ஆண்டுகளில் கப்பல்கள் பல மடங்கு பெருத்துவிட்டன, தூணின் காப்பு அப்படியே இருந்தது. ஏற்கத்தக்க ஆபத்து என்று விதிநூல் வைத்திருக்கும் எல்லையைப் போல ஏறத்தாழ 30 மடங்கு ஆபத்தில் அந்தப் பாலம் இருந்ததை, இடிந்த பிறகுதான் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 19 மாநிலங்களில் இன்னும் 68 பாலங்களுக்கு அந்தக் கணக்கைப் போடச் சொல்லி 2025 மார்ச்சில் பரிந்துரைத்தார்கள்.

கே: பாம்பனில் இப்படி நடக்குமா? புதுப் பாலம் வந்த பிறகு பாலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பார்க்கும்போது பயமாக இருக்கிறது. (பாம்பன் வாசகர்)

ப: டாலி போன்ற கப்பல் பாம்பனுக்கு வரவே முடியாது. அந்த அளவுக் கப்பல் பாரத்தோடு 12 மீட்டருக்கு மேல் தண்ணீரில் ஆழ்ந்திருக்கும். பாம்பன் கால்வாயில் அந்த ஆழம் இல்லை. அதனால்தான் பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப் போகின்றன. பாம்பனைக் கடப்பவை சிறு சரக்குக் கப்பல், பார்ஜ் (இழுத்துப் போகும் தட்டையான மிதவை), இழுவைப் படகு, கடற்படை, கடலோரக் காவல் படைக் கலங்கள், பிறகு நம் விசைப்படகுகள்.

ஒப்பிட்டுப் பாருங்கள். 40 டன் விசைப்படகு மணிக்கு 7 கி.மீ. வேகத்தில் இடித்தால், அதன் ஆற்றல் டாலியின் ஆற்றலில் ஏறத்தாழ எட்டாயிரத்தில் ஒரு பங்கு. தூண் அசையாது, படகுதான் உடையும். ஆயிரம் டன் பார்ஜ் மணிக்கு ஐந்தரை கி.மீ. வேகத்தில் வந்தால் விசைப்படகைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. இது தூணில் விரிசல் விடவும், தூண்மேல் இருக்கும் இரும்பு உத்தரத்தை இடம் நகர்த்தவும் போதும். 2013 ஜனவரியில் கடற்படையின் பார்ஜ் ஒன்று நீரோட்டத்தில் அடித்துவரப்பட்டுப் பழைய ரயில் பாலத்தில் மோதியது. பாலம் விழவில்லை, சேதமானது. ராமேஸ்வரத்துக்கு ரயில் நின்றது.

எனவே பாம்பனின் கவலை வேறு விதமானது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம் 2.08 கி.மீ. நீளம். 18.3 மீட்டரில் 99 கண்கள், நடுவில் 72.5 மீட்டரில் ஒரு தூக்குக் கண். இந்தத் தூக்குக் கண் இரண்டு கோபுரங்களுக்கு நடுவில், கிடைமட்டமாக, 17 மீட்டர் மேலே ஏறி இறங்குகிறது. 1914ஆம் ஆண்டுப் பழைய பாலத்தில் இரண்டு சிறகுகள் பிரிந்து மேலே எழும். ஒரு பக்கம் சற்று விலகினாலும் ஆட்கள் நெம்புகோல் போட்டுச் சரிசெய்ய இடம் இருந்தது. புதிய அமைப்பில் நான்கு மூலைகளும் ஒரே மட்டத்தில் ஏற வேண்டும். ஒரு கோபுரத்தின் அடித்தூண் சிறிது சாய்ந்தாலும் கண் வழித்தடத்தில் இறுகி நின்றுவிடும். கண் மேலே நின்றுவிட்டால் ரயில் இல்லை. கீழே நின்றுவிட்டால் கப்பலும் பெரிய படகும் இல்லை. தீவுக்கு இரண்டுமே வேண்டும். 2022 டிசம்பரிலிருந்து 2025 ஏப்ரல் வரை ரயில் மண்டபத்தோடு நின்றபோது என்ன பாடு என்பது நம் வியாபாரிகளுக்கும் நோயாளிகளுக்கும் தெரியும்.

ஆபத்து எப்போது அதிகம்? வாடைக் காலத்தில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நீரோட்டம் வடகடலிலிருந்து தென்கடலுக்கு ஓடும். பாலத்துக்கு வடக்கே நங்கூரம் போட்டு நிற்கிற எந்தக் கலமும் கயிறு அறுந்தால் நேராகத் தூணை நோக்கித்தான் வரும். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் தெற்கே நிற்பவை அப்படி. ஓட்டத்துக்கு மேல்பக்கம், பாலத்துக்கு நேரே, ஆளில்லாத பார்ஜை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. நிறுத்தியே ஆக வேண்டுமானால் இரண்டு நங்கூரம், கயிற்றுக்குப் பதில் சங்கிலி, இரவிலும் ஒரு ஆள், பக்கத்தில் ஓடத் தயாராக ஓர் இழுவைப் படகு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறுவதற்கு முன்பே இடம் மாற்ற வேண்டும். ஏறிய பிறகு இழுவைப் படகே வெளியே போக முடியாது.

பார்ஜை இழுத்துக் கடக்கும்போது தவறு நடப்பது பெரும்பாலும் கயிற்றின் நீளத்தில்தான். கடலில் நீளக் கயிறு நல்லது, அலையின் வெட்டை வாங்கிக்கொள்ளும். பாலத்தின் அடியில் அதே நீளத்தோடு வந்தால் பார்ஜ் வால் போல இடமும் வலமும் வீசும். கால்வாய்க்குள் நுழையும் முன் கயிற்றைக் குறுக்க வேண்டும், அல்லது பார்ஜை இழுவைப் படகின் பக்கத்தோடு இறுகக் கட்ட வேண்டும். பின்னால் இன்னொரு படகைக் கட்டி அதை பிரேக்காக வைத்துக்கொண்டால் பெரும்பாலான மோதல்கள் நடக்காது. நீரோட்டம் திரும்புகிற நேரத்தில் சிறிது நேரம் தண்ணீர் அடங்கி நிற்கும். கடக்க அதுதான் பொழுது. அனுமதி கிடைத்த மணியைவிட அந்தப் பொழுது முக்கியம்.

உயரத்தையும் பாருங்கள். தூக்கிய நிலையில் கடல் மட்டத்திலிருந்து 22 மீட்டர் கிடைக்கிறது, பக்கத்துச் சாலைப் பாலத்துக்குச் சமம். கிரேன் ஏற்றிய பார்ஜ் பாரமில்லாமல் வந்தால் மேலே மிதக்கும். ஏற்றியபோது அளந்த உயரம் அப்போது பொருந்தாது. கடக்கும் அன்று திரும்ப அளக்க வேண்டும்.

கே: விசைப்படகில் பாலத்தைக் கடக்கும்போது இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது? (மண்டபம் படகு ஓட்டுநர்)

ப: முதல் வேலை நங்கூரம். இன்ஜினைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டே தூணுக்கு வந்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடினால், 150 மீட்டர் தூரத்தில் நின்ற படகுக்கு இரண்டரை நிமிடம்தான் இருக்கிறது. நங்கூரம் தரையைப் பிடிக்கவே அதில் பாதி போகும்.

கயிறு ஆழத்தைப் போல ஐந்து மடங்காவது விட வேண்டும், வேகமான ஓட்டத்தில் ஏழு மடங்கு. ஆறு மீட்டர் ஆழத்துக்கு 30 முதல் 42 மீட்டர். குறைவாக விட்டால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டுத் தரையை உழுதுகொண்டே வரும். கீழே பாறை இருந்தால் சறுக்கும். முதல் பிடி கிடைக்காவிட்டால் இழுத்து எடுக்காதீர்கள், இன்னும் கயிறு விடுங்கள். கயிற்றின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். அவசரத்தில் கயிறு முழுவதும் கடலுக்குள் போன கதை எல்லாக் கடற்கரையிலும் உண்டு.

கடக்கும் முன், திறந்த கடலில் இருக்கும்போதே, ஒருமுறை பின்கியர் போட்டுப் பாருங்கள். டீசல் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் தேங்கிய தண்ணீரை வடித்துவிடுங்கள். பாதி வழியில் இன்ஜின் நிற்பதற்கு அந்தத் தண்ணீரும், டேங்கில் டீசல் குறைந்து குழாயில் காற்று ஏறுவதும்தான் முக்கியக் காரணங்கள். மூன்றாவது, விசிறியில் வலைக்கயிறு சுற்றிக்கொள்வது. தூக்குப் பாலம் திறந்ததும் எல்லோரும் முண்டியடித்து நுழையும்போது முன்படகின் பின்னால் தொங்கும் கயிறு பின்படகின் விசிறிக்கு வரும். முன்படகுக்கும் உங்களுக்கும் 100 மீட்டர் விடுங்கள்.

ஓட்டத்தோடு சேர்ந்து கடப்பதைவிட எதிர்த்துக் கடப்பது பாதுகாப்பு. எதிர்த்துப் போகும்போது சுக்கானுக்குத் தண்ணீர் கிடைக்கும், மெதுவாகவும் போகலாம், தவறினால் படகு பாலத்தை விட்டு விலகும். கூடப் போகும்போது தவறினால் தூணுக்குத்தான்.

தூணில் சாய்ந்துவிடும் என்று தெரிந்துவிட்டால் கையையோ காலையோ நீட்டித் தள்ளப் பார்க்காதீர்கள். எலும்பு பொடியாகும். குறுக்காகப் போய்ச் சாய்ந்த படகில் ஓட்டம் வந்து மோதும் பக்கம் தாழும், அந்தப் பக்கமாகத் தண்ணீர் ஏறி, படகு நொடியில் கவிழும். எல்லோரும் தூண் இருக்கும் பக்கத்துக்கு நகர வேண்டும், உயிர் காக்கும் அங்கி உடம்பில் இருக்க வேண்டும். உதவிக்கு வரும் படகு, நின்ற படகின் முன்முனையில் கயிறு கட்டி ஓட்டத்துக்கு எதிராக இழுக்க வேண்டும். பக்கத்தில் கட்டி இழுத்தால் இரண்டும் கவிழும்.

வி.எச்.எஃப். கருவி இருந்தால் 16ஆம் அலைவரிசை. ‘மேடே’ என்று மூன்று முறை, படகின் பெயர், இடம், என்ன ஆயிற்று, எத்தனை பேர். போன் என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093.

கே: என் மகன் சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். டாலியில் இருந்தவர்கள் இந்தியர்கள் என்பதால் அங்கே கேவலமாகப் பேசினார்கள், வீட்டுக்கும் அனுப்பவில்லை என்கிறார்கள். இப்படி ஒன்று நடந்தால் பிள்ளைகள் கதி என்ன? (கீழக்கரை தாய்)

ப: அம்மா, உங்கள் கவலை நியாயமானது. டாலியில் 21 பேர். 20 பேர் இந்தியர்கள், ஒருவர் இலங்கையர். இணையத்தில் அவர்களைக் கேலி செய்து படம் வரைந்து பரப்பினார்கள். அதே வாரத்தில் அமெரிக்க ஜனாதிபதியும் மேரிலாந்து ஆளுநரும், கப்பலிலிருந்து போன எச்சரிக்கையால்தான் வாகனங்களை நிறுத்த முடிந்தது என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இரண்டும் நடந்தது. கேலிப்படம் மட்டும் நம் ஊர்வரை வந்து சேர்ந்தது.

கப்பலிலிருந்த தொழிலாளர்கள் பட்ட கஷ்டம் உண்மை. விசாரணைக்காக அவர்களுடைய போன்களை வாங்கிக்கொண்டார்கள். மே 13 அன்று கப்பல் மேல் கிடந்த இரும்பை வெடி வைத்து அறுத்தபோதும் அவர்கள் கப்பலுக்குள்தான் இருந்தார்கள். மே 20 அன்றுதான் கப்பல் அங்கிருந்து நகர்ந்தது. சிலர் ஜூனில் ஊர் திரும்பினார்கள், சிலர் அதற்குப் பிறகும் நெடுநாள் அங்கே இருக்க நேர்ந்தது.

மகனிடம் சொல்லி வையுங்கள். விபத்து நடந்தால், உயிரைக் காக்கும் வேலை முடிந்ததும், கப்பலின் பயணப் பதிவுக் கருவியில் சேமிக்கும் பொத்தானை அழுத்தினார்களா என்று மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். விட்டுவிட்டால் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். தன் வேலை நேரம், தான் செய்தது, கேட்ட உத்தரவு ஆகியவற்றை அன்றே மணியோடு எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டில் எதையும் பிறகு திருத்தக் கூடாது, அது தனிக் குற்றம். வழக்கறிஞர் இல்லாமல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கம்பெனியின் வழக்கறிஞர் கம்பெனிக்காகப் பேசுபவர், தனக்கென ஒருவரைக் கேட்கும் உரிமை உண்டு. இந்தியத் தூதரகத்துக்கும் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்துக்கும் குடும்பமே எழுதலாம். அதற்கு அவருடைய மாலுமிச் சான்றேடு, பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம் மூன்றின் நகலும் உங்கள் வீட்டில் இருக்கட்டும்.

கே: பாலத்தில் போகும்போது காரோடு கடலில் விழுந்தால் தப்ப முடியுமா? (ஏர்வாடி வாசகர்)

ப: உயரத்தைப் பொறுத்தது. ஆனால் தப்பியவர்கள் உண்டு. பால்டிமோரில் வண்டியோடு விழுந்த பணியாளர் ஒருவர், ஜன்னல் கண்ணாடியைக் கையால் சுழற்றி இறக்கி வெளியே வந்தார். பவர் ஜன்னல் தண்ணீர் ஏறிய பிறகு வேலை செய்யாமல் போகலாம். பெல்ட்டைக் கழற்றுங்கள், ஜன்னலை இறக்குங்கள், குழந்தைகளை முதலில் தள்ளிவிடுங்கள், நீங்கள் வாருங்கள். முதல் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். கதவைத் திறக்க முயலாதீர்கள். வெளித்தண்ணீர் அதைத் திறக்க விடாது, திறந்தாலும் கார் உடனே மூழ்கும். கண்ணாடியை உடைப்பதானால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன்கண்ணாடி இரண்டு அடுக்கு, உடையாது. போன் செய்வது வெளியே வந்த பிறகு.

கே: பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ரயிலைப் படம் எடுப்பதில் என்ன தவறு? எல்லோரும்தான் நிற்கிறார்கள். (பரமக்குடி வாசகர்)

ப: அவசரம் என்றால் பாலத்தை ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் காலி செய்ய வேண்டியிருக்கும். பால்டிமோரில் காவலர்களுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான். ஒரு தடம் முழுக்கக் கார்கள் நின்றால் ஆம்புலன்ஸும் போலீஸும் உள்ளே வர முடியாது, பஸ்ஸும் வெளியே போக முடியாது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அழகை மண்டபம் கரையிலிருந்தும் பார்க்கலாம்.

கே: கப்பல் இடித்துப் படகோ வலையோ போனால் நஷ்டஈடு யாரிடம் கேட்பது? (தேவிபட்டினம் வாசகர்)

ப: கப்பலிடமே. 2017ஆம் ஆண்டின் கடல்சார் வழக்குச் சட்டப்படி உயர் நீதிமன்றம் அந்தக் கப்பலையே பிடித்து நிறுத்தி வைக்க உத்தரவிட முடியும். கப்பல் இந்தியக் கடல் எல்லைக்குள் இருக்கும்போதே வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும். போன பிறகு பிடிப்பது கடினம். கப்பலின் பெயரைவிட, அதன் உடம்பில் எழுதியிருக்கும் ஏழு இலக்கப் பதிவு எண் முக்கியம். பெயர் மாறும், எண் மாறாது. மணி, ஜி.பி.எஸ். இடம், படம் மூன்றையும் எடுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திலும் மீன்வளத் துறையிலும் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். உரிமையாளர்கள் பொறுப்புக்கு வரம்பு கேட்பார்கள். டாலியின் தரப்பு 1851ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி 4.37 கோடி டாலருக்கு மேல் தர வேண்டியதில்லை என்று வழக்குப் போட்டது. புதிய பாலத்தின் செலவோ 430 கோடி டாலருக்கு மேல் என்கிறார்கள்.

கே: என் கணவர் பாலத்தில் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர். பால்டிமோரில் இறந்த ஆறு பேரும் அப்படிப்பட்டவர்கள்தான் என்று படித்தேன். எச்சரிக்கை வந்தும் ஏன் அவர்களைக் காப்பாற்றவில்லை? (மண்டபம் முகாம் வாசகி)

ப: இந்தப் பகுதியில் எங்களுக்கு மிக முக்கியமாகப் பட்ட கேள்வி உங்களுடையது.

அவர்கள் மெக்சிகோ, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். இரவில் சாலைப் பள்ளங்களை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பைலட்டின் எச்சரிக்கை காவலர்களுக்குப் போனது. பாலத்தின் இரு முனையிலும் வாகனங்களை நிறுத்தினார்கள். நடுவில் வேலை செய்துகொண்டிருந்த எட்டுப் பேருக்கு மட்டும் தகவல் போகவில்லை. அவர்களுக்கு நேரடியாகச் சொல்ல எந்தக் கருவியும் ஏற்பாடும் இல்லை. இன்னொரு காவல் வண்டி வந்ததும் ஒருவர் உள்ளே போய்ச் சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பாலம் போனது. காவலர்களுக்குச் சொன்ன அதே நேரத்தில் அவர்களுக்கும் சொல்லியிருந்தால், விழாத பகுதிக்கு வண்டியில் வந்துசேர நேரம் இருந்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது.

இதைச் சரிசெய்யப் பெரிய பணம் வேண்டாம். பாலத்தில் வேலை தொடங்கும் முன், எத்தனை பேர், எந்தத் தூணுக்கும் எந்தத் தூணுக்கும் நடுவில், எத்தனை மணி வரை என்பது பாம்பன் துறைமுக அலுவலகத்துக்கும், தூக்குப் பாலத்தை இயக்கும் அறைக்கும், பாம்பன், மண்டபம் நிலைய அதிகாரிகளுக்கும், சாலைப் பாலமானால் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் போக வேண்டும். குழுவில் ஒருவர் வேலை செய்யாமல் வாக்கி டாக்கியோடு நிற்க வேண்டும். கடல் பக்கம் பார்ப்பதும் சத்தம் கேட்பதும் மட்டுமே அவர் வேலை. காற்றிலும் டிரில் சத்தத்திலும் போன் மணி கேட்காது, அதனால் கையில் அழுத்தும் காற்று ஹாரன். நீண்ட மூன்று ஊதல் என்றால் சாமானை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். எந்தப் பக்கம் என்பதைக் காலையிலேயே முடிவு செய்திருக்க வேண்டும். கப்பல் வரும் கண்ணுக்கு எதிர்ப்பக்கம், கிட்ட இருக்கிற கரை. வேலை வண்டி அந்தப் பக்கம் முகம் திருப்பி, சாவியோடு நிற்க வேண்டும். பார்ஜோ சிறு கப்பலோ கடக்கிற நேரத்தில் தூக்குக் கண்ணிலும் அதன் இரு பக்கக் கண்களிலும் ஆள் இருக்கவே கூடாது.

வருஷத்தில் இரண்டு முறை, வாடை தொடங்கும் முன் ஒன்றும் கச்சான் தொடங்கும் முன் ஒன்றும், ஒத்திகை செய்து மணி பார்க்க வேண்டும். துறைமுக அலுவலகத்தில் தகவல் சொன்ன நொடியிலிருந்து கடைசி ஆள் கரையைத் தொடும் வரை எவ்வளவு நேரம் என்பதை அளந்து எழுத வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அடிக்கடி மாறுவார்கள், அதனால் புதிதாக வருபவருக்கு முதல் நாளே சொல்லித் தர வேண்டும். உங்கள் கணவரிடம் நாளைக்கே கேளுங்கள்: உங்கள் குழுவில் வாக்கி டாக்கி யாரிடம் இருக்கிறது, அதன் மறுமுனையில் யார் இருக்கிறார்? பதில் இல்லையென்றால் தொழிற்சங்கம் மூலம் எழுத்தில் கேளுங்கள், தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.